கன்சல்டன்ட் ஒப்பந்தம், சூப்பர்வைசர் பதவி: பிஎஃப், இஎஸ்ஐ, ஓவர்டைம் எல்லாம் போய்விடுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் எழுபது பேர் வேலை செய்யும் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் 2022 முதல் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டர். மாதச் சம்பளம் 19,500 ரூபாய், பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் பிடித்தார்கள். போன டிசம்பர் 1 முதல் "இனி நீ சூப்பர்வைசர்" என்று சொல்லி ஓராண்டு கன்சல்டன்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மாதம் 24,000 ரூபாய், அதில் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி). பிஎஃபும் இஎஸ்ஐயும் நின்றுவிட்டன. முன்பு அவசர ஆர்டர் வந்தால் மட்டும் இருந்த கூடுதல் நேரம் இப்போது தினமும் காலை 8 முதல் இரவு 8 வரை என்றாகிவிட்டது, அதற்குத் தனியாகக் காசு இல்லை. ஆடிட்டர் எல்லாம் சட்டப்படிதான் என்கிறார். "நானே கையெழுத்துப் போட்டுவிட்டேனே, இனி ஏதாவது கேட்க முடியுமா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உள்ளே இருப்பவை வேறு கேள்விகள். நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியரா, வெளி ஆளா? ஊழியர் என்றால் ஓவர்டைம் கேட்கும் தகுதியுள்ள தொழிலாளியா, அது இல்லாத மேற்பார்வையாளரா? 24,000 என்ற தொகை உங்களை எந்தெந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே தள்ளுகிறது? இவை ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டம், வேறு அளவுகோல். ஒரே ஒப்பந்தத்தைக் காட்டி எல்லாவற்றையும் முடித்துவிட்டதாக உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பதும் பிஎஃப், இஎஸ்ஐ ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் என் தொழில். வக்கீல் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னது அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதில் இருந்து தொடங்குகிறேன். ஒருவர் ஊழியரா இல்லையா என்பதைக் காகிதத்தில் உள்ள பெயர் தீர்மானிப்பதில்லை. உச்ச நீதிமன்றம் அறுபது வருடத்துக்கும் மேலாக இதைச் சொல்லி வருகிறது. 1956-ல் தாரங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கு. இன்றைய குஜராத்தின் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு வேலை நேரம் வகுக்கப்படவில்லை, விளைந்த உப்பின் அளவுக்குத்தான் கூலி, உதவிக்குத் தாங்களே ஆள் வைத்துக்கொள்ளவும் செய்தார்கள். அப்படியும் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பு வந்தது. 1973-ல் சில்வர் ஜூபிலி டைலரிங் ஹவுஸ் வழக்கில், பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்கள் கடை ஊழியர்களா என்ற கேள்வி. மெஷின் கடைக்காரருடையது, தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் அவருடையது, ஊழியர்கள்தான் என்றார்கள். 1978-ல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் இன்னும் ஒரு படி மேலே போனார். நடுவில் எத்தனை ஒப்பந்தக்காரர்கள் இருந்தாலும், அந்த ஆளின் பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்று திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றார்.

எதிர்ப்பக்கமாகப் போன தீர்ப்பும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2020-ல் சுசீலாபென் காந்தி வழக்கில், ஒரு மருத்துவமனைக்குச் சேவை செய்த கண் மருத்துவர் அதன் ஊழியர் அல்ல, தனித் தொழில்முறையாளர் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. எல்லா அம்சங்களையும் சேர்த்து எடை போட வேண்டும், ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்த்துவிட முடியாது என்று அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது. ஆக, கன்சல்டன்ட் என்ற உறவே போலி என்று யாரும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற ஒரு டூல் டிசைனர் வாரம் இரண்டு நாள் வந்து டிராயிங் பார்த்துவிட்டு, தன் பெயரில் பில் போட்டு, மற்ற நாட்களில் வேறு இரண்டு கம்பெனிகளுக்குப் போகிறார் என்றால் அவர் கன்சல்டன்ட்தான். அவரை ரோலில், அதாவது கம்பெனியின் ஊழியர் பட்டியலில், ஏற்று என்று எந்த அதிகாரியும் கேட்க மாட்டார்.

உங்கள் கதை அப்படியா? மெஷின் அவர்களுடையது. ஷிப்டு அவர்கள் போடுவது. விரல் ரேகை வைத்து உள்ளே போகிறீர்கள், லீவு வேண்டுமென்றால் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறீர்கள். வராத நாளுக்கு 24,000-ல் பிடிக்கிறார்கள். உங்களுக்குப் பதில் உங்கள் தம்பியை அனுப்பிவைக்க முடியாது. நவம்பர் 30 அன்று செய்த அதே வேலையை அதே மெஷினில் டிசம்பர் 1 அன்றும் செய்தீர்கள். இந்தக் கடைசி விவரம்தான் என் பார்வையில் மிகப் பலமானது. வெளியிலிருந்து வந்த கன்சல்டன்ட் என்றால் வாதாட இடமுண்டு. மூன்று ஆண்டுக்கு மேல் ரோலில் இருந்தவர் ஒரே இரவில் வெளி ஆளாகிவிட்டார் என்று நிறுவுவது கம்பெனிக்குக் கடினம்.

கையெழுத்துக்கு வருகிறேன். சம்பளச் சட்டத் தொகுப்பு, 2019, தனக்குக் கீழ் வரவேண்டிய தொகையை ஊழியர் விட்டுக்கொடுப்பதாகச் செய்துகொள்ளும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று நேரடியாகவே சொல்கிறது. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் இப்படி ஒரு பிரிவு இருந்தது. அதனால் "சம்மதித்துத்தானே போட்டாய்" என்ற வாதம் ஊதிய விஷயத்தில் எடுபடாது. ஆனால் ஒன்றைக் கேட்டுவைக்கிறேன். அந்த ஒப்பந்தத்தோடு ராஜினாமா கடிதம் ஏதாவது எழுதி வாங்கினார்களா? "கணக்கு முடித்துப் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீது? அது இருந்தால் உங்கள் வழக்கு தோற்றுவிடும் என்பதில்லை, ஆனால் பாதை நீளும். தமிழ்நாட்டில் 1981-ம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி. 2022 முதல் இருக்கும் உங்களுக்கு அது எப்போதோ பூர்த்தியாகியிருக்கும். ராஜினாமா வாங்குவதன் நோக்கங்களில் ஒன்று இந்தத் தொடர்ச்சியை அறுப்பது. இன்னொன்று கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. ஐந்து ஆண்டு முடிவதற்குள் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் அதுவும் கம்பெனிக்கு மிச்சம்.

டிடிஎஸ் பற்றி நண்பர்கள் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். தொழில்முறைக் கட்டணம் என்று காட்டி 10 சதவீதம் பிடித்ததால் (காலங்காலமாக 194ஜே என்று சொல்லப்பட்ட பிரிவு) நீங்கள் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. வருமான வரியில் எந்தத் தலைப்பில் போட்டார்கள் என்பது கம்பெனி தானாக எடுத்த முடிவு. தான் ஒட்டிய லேபிளைத் தானே சாட்சியாகக் காட்டுவதற்கு அதிக மதிப்பு இல்லை. மற்ற அம்சங்களோடு அதையும் ஒன்றாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆண்டுக்கு 2,88,000 ரூபாய் வருமானத்துக்குப் புதிய வரிமுறையில் 2025-26 முதல் வரியே கிடையாது, 4 லட்சம் வரை விலக்கு. அதனால் பிடித்த 28,800 ரூபாயும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும். செய்யாவிட்டால் வராது. சண்டை நடக்கிறதோ இல்லையோ, இதை விட்டுவிடாதீர்கள்.

பிஎஃபில் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட நன்றாக இருக்கிறது. "15,000-க்கு மேல் சம்பளம் என்றால் பிஎஃப் கிடையாது" என்பது பாதி உண்மை. வேலையில் சேரும்போதே 15,000-க்கு மேல் சம்பளம், அதற்கு முன் பிஎஃப் உறுப்பினராக இருந்ததும் இல்லை என்றால்தான் அந்த விலக்கு. ஏற்கெனவே உறுப்பினரானவர் சம்பளம் ஏறியதால் வெளியே போக முடியாது, தொடர வேண்டும். கம்பெனி வேண்டுமானால் தன் பங்கை 15,000-க்கான 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் 1,250 உங்கள் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். பிஎஃப் இணையதளத்தில் உங்கள் யுஏஎன் எண்ணில் (பிஎஃப் உறுப்பினர் எண்) நுழைந்து, வேலையைவிட்ட தேதி என்று எதையாவது போட்டிருக்கிறார்களா, காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இன்னொன்று, பணத்தேவை எவ்வளவு இருந்தாலும் மொத்தப் பிஎஃப் பணத்தையும் இப்போது எடுத்துவிடாதீர்கள். வேலையைவிட்டு வந்துவிட்டேன் என்று நீங்களே விண்ணப்பம் போட்டுப் பணத்தை எடுத்தால், கம்பெனி சொல்வதை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தது போலாகும். பழைய உறுப்பினர் என்ற பலமும் போய்விடும்.

இஎஸ்ஐயில் வரம்பு 21,000 ரூபாய். ஒப்பந்தத்தில் உள்ள 24,000 அதைத் தாண்டுகிறது என்பது சரிதான். ஆனால் இஎஸ்ஐ கணக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு ஆறு மாதமாக ஓடுகிறது. அரையாண்டின் தொடக்கத்தில் வரம்புக்குள் இருந்தவர் நடுவில் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும்வரை உள்ளேதான். அக்டோபரில் உங்களுக்கு 19,500. எனவே டிசம்பரில் நிறுத்தியது எப்படிப் பார்த்தாலும் தவறு, மார்ச் 31 வரை கட்டியிருக்க வேண்டும். கட்டிய காலத்துக்கான பலன் அடுத்து வரும் காலத்தில் கிடைப்பது என்பதால், உங்கள் அட்டை உடனே செத்துப்போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் காலம் ஜனவரி முதல் ஜூன் வரை. வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் மருந்தகத்துக்குப் போய்க் கேளுங்கள். நிறையப் பேர் தெரியாமல் கைக்காசைச் செலவழிக்கிறார்கள்.

அடுத்து சூப்பர்வைசர் பதவி. இங்கேயும் பெயர் தீர்மானிப்பதில்லை, அன்றாடம் முதன்மையாக என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான். 1985-ல் சீபா கைகி கம்பெனிக்கு எதிராக ஆர்க்கால் கோவிந்தராஜ ராவ் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. முக்கியமான வேலை எழுத்தர் வேலை என்றால், கூடவே கொஞ்சம் மேற்பார்வை இருந்தாலும் அவர் தொழிலாளிதான். பல பெயர்ப்பலகைகள் இந்தக் கேள்வியில் உதிர்ந்துவிடும். மேற்பார்வையாளர் என்றால் யாருக்கு லீவு கொடுக்கலாம், யாருக்கு மெமோ கொடுக்கலாம், யாரை எந்த வேலையில் போடலாம் என்று முடிவு செய்பவர். நீங்கள் ப்ரோக்ராம் ஏற்றி, முதல் பீஸை அளந்து பார்த்து, மெஷினை ஓட்டுகிறீர்கள். மூன்று ஹெல்பர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், ஷிப்டு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள். இந்தக் கடைசி இரண்டையும் வைத்து உங்களைச் சூப்பர்வைசர் என்று சொல்ல முடியுமென்றால் கோவையில் பாதி ஆபரேட்டர்கள் சூப்பர்வைசர்கள்தான்.

ஆனால் இங்கே முழு உறுதி தர மாட்டேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், தொழிலாளி என்பதற்கு மூன்றில் தனித்தனி விளக்கம் இருக்கிறது. மேற்பார்வையாளருக்கான சம்பள வரம்பு ஒரே மாதிரி இல்லை. சம்பளத் தொகுப்பில் 15,000 ரூபாய், தொழில் உறவுகள் தொகுப்பிலும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலும் 18,000. உங்கள் வேலை உண்மையிலேயே மேற்பார்வைதான் என்று அதிகாரி முடிவு செய்துவிட்டால் 24,000 எல்லாவற்றையும் தாண்டிவிடும். அப்போது ஓவர்டைம் கோரிக்கை ஆட்டம் காணும். சம்பளத் தொகுப்பின் ஓவர்டைம் பிரிவு தொழிலாளி என்று சொல்லாமல் ஊழியர் என்ற விரிந்த சொல்லைப் பயன்படுத்துவதை வைத்து வாதாடலாம். அது எடுபடுமா என்பது வழக்கு நடக்கும்போதுதான் தெரியும். ஒன்று மட்டும் நிச்சயம். மேற்பார்வையாளரும் மேலாளரும்கூட அந்தத் தொகுப்பில் ஊழியர்கள்தான். சம்பளம் தேதிக்கு வருவது, கண்டபடி பிடித்தம் செய்யாமல் இருப்பது, விலகினால் இரண்டு வேலை நாளில் கணக்கு முடிப்பது எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

சரி, பணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எட்டிலிருந்து எட்டு வரை பன்னிரண்டு மணி நேரம். சாப்பாடு, டீ இடைவேளை ஒரு மணி நேரம் கழித்தால் பதினொன்று. வாரம் ஆறு நாள், 66 மணி நேரம். வாரத்துக்கு 48 மணி என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் காலத்திலிருந்து இன்றுவரை மாறாத எல்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு நம் சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்களே, அதைக்கூட வாரத்தில் நான்கு நாள் வேலை என்று விளக்கம் சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். ஆக உங்களுக்கு வாரம் 18 மணி, 26 நாள் மாதத்தில் 78 மணி கூடுதல். பழைய 19,500-ஐயே எடுத்துக்கொண்டாலும், 26 நாள், 8 மணி என்று வகுத்தால் மணிக்கு 93.75 ரூபாய். ஓவர்டைம் என்றால் இரட்டிப்பு, 187.50. 78 மணிக்கு 14,625 ரூபாய். உங்களுக்குக் கிடைத்த சம்பள உயர்வு 4,500, அதாவது கூடுதல் மணிக்கு 58 ரூபாய்கூட இல்லை. அதிலும் டிடிஎஸ் போக மாதம் கைக்கு வருவது 21,600. முன்பு அவசர ஆர்டர் நாட்களில் சிங்கிள் ரேட் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள், அதுவும் சட்டப்படி சரியில்லை. கொரோனா சமயத்தில் குஜராத் அரசே அறிக்கை போட்டு இரட்டிப்பை நிறுத்தப் பார்த்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

"24,000-க்குள் ஓவர்டைமும் அடக்கம்" என்று கம்பெனி சொல்லக்கூடும். சொல்லட்டும், அது அவர்களுக்கே சிக்கல். 208 மணி சாதாரண வேலை, 78 மணி இரட்டிப்பு என்று பிரித்தால் மொத்தம் 364 மணிக்கான கூலி, அதாவது 208-ன் 1.75 மடங்கு. எனவே அடிப்படைச் சம்பளம் 24,000-ஐ 1.75-ஆல் வகுத்தது, சுமார் 13,714 ரூபாய். 19,500 வாங்கியவருக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்வதாகும். ஊதியத்தை அப்படி மாற்ற முன்னறிவிப்பு தர வேண்டும், தரவில்லை. திறன்மிகு தொழிலாளிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போயிருக்கவும் கூடும். தமிழ்நாட்டில் ஏப்ரல் 1 தோறும் டிஏ (அகவிலைப்படி) மாறும் என்பதால் நடப்பு ஆண்டு அட்டவணையை எடுத்து ஒப்பிடுங்கள். இஎஸ்ஐ வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் தொகையைச் சேர்ப்பதில்லை, எனவே 13,714 என்றால் நீங்கள் மறுபடி இஎஸ்ஐக்குள் வந்துவிடுகிறீர்கள். "ஓவர்டைம் அடக்கம் இல்லை" என்றால் 24,000-ஐ வைத்து இரட்டிப்புக் கணக்கு, மாதம் 18,000 ரூபாய் பாக்கி. எந்தப் பதிலைச் சொன்னாலும் அவர்களுக்குச் சங்கடம்தான். ஆடிட்டரிடம் சண்டை போடாமல் இந்த ஒரு கேள்வியை மட்டும் எழுத்தில் கேட்கலாம்: 24,000 எத்தனை மணி நேரத்துக்கு?

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். பிஎஃப், இஎஸ்ஐயில் மிச்சமாவது உங்கள் ஒருவர் கணக்கில் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். அதைவிடப் பெரிய காரணம் ஓவர்டைம் பதிவேடு. தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு காலாண்டுக்கே 50 மணிதான் கூடுதல் வேலைக்கு அனுமதி என்று இருந்தது. உங்களுக்கு ஒரு மாதத்திலேயே 78. உண்மையாகப் பதிவு செய்தால் இரட்டிப்புச் சம்பளம் கொடுத்தால்கூட மீறல் மீறல்தான். ஏற்றுமதி வாடிக்கையாளர் அனுப்பும் ஆடிட்டில் அது மாட்டும். அதனால்தான் சில இடங்களில் இது ‘இன்சென்டிவ்’ ஆகிறது, சில இடங்களில் ஆளே ரோலிலிருந்து காணாமல் போகிறார். முதலாளிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். வேலை ஏற இறங்க இருக்கும் சிறு கம்பெனிக்கு நிரந்தர ஆள் பாரம் என்பது உண்மைதான். அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று வேலைக்கு எடுக்கலாம். அதே வேலை செய்யும் நிரந்தர ஆளுக்குரிய ஊதியம், புதிய தொகுப்பில் ஓராண்டிலேயே கிராஜுவிட்டி. அது பிடிக்காததால் கன்சல்டன்ட் என்கிறார்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் நான் போட்ட கணக்கு மாறலாம். ஒன்று, வகுக்கும் எண். 26-க்குப் பதில் 30 என்று வைத்து வாதாடுவார்கள், அப்போது 18,000 என்பது 15,600 ஆகும். 26 என்பதே பொதுவழக்கம். இரண்டாவது, எது ‘சம்பளம்’ என்பது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் ஓவர்டைமுக்குப் படிகளும் சேர்ந்தன. புதிய தொகுப்புகளில் பேசிக், டிஏ, ரீடெயினிங் அலவன்ஸ் (வேலை இல்லாத காலத்திலும் ஆளைத் தக்கவைக்கக் கொடுக்கும் படி) மட்டும்தான் சம்பளம். வீட்டு வாடகைப்படி போன்ற விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை சம்பளத்தில் சேர்க்கப்படும். ஆகவே படிகளாகப் பிரித்துக் காட்டியவருக்கு ஓவர்டைம் கணக்கு கொஞ்சம் இறங்கும். உங்கள் ஒப்பந்தத்தில் ஒரே தொகை, பிரிவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிக்காத தொகையிலிருந்து விலக்கு கேட்பது அவர்களுக்குக் கடினம்.

ஆதாரம் சேர்ப்பதை இன்று மாலையே தொடங்குங்கள். நவம்பர் வரையிலான சம்பளச் சீட்டுகள், வங்கி ஸ்டேட்மென்ட், அடையாள அட்டை, ஷிப்டு பட்டியலின் போட்டோ, லீவு கேட்ட வாட்ஸ்அப், "நாளைக்கு சீக்கிரம் வா" என்று மேனேஜர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், உங்கள் பெயர் உள்ள ஜாப் கார்டு. தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரத்தை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். சம்பளம் தரவில்லை என்று கோரிக்கை வைத்தால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று சம்பளத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் நீங்கள் அங்கே அத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்பதற்கு உங்களிடம் ஏதாவது இருந்தால்தான் பேச்சு நிற்கும். வாடிக்கையாளரின் டிராயிங், ப்ரோக்ராம் ஃபைல் எதையும் தொடாதீர்கள். திருட்டுப் புகார் என்று கதை வேறு பக்கம் திரும்பிவிடும்.

எங்கே போவது என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம். பிஎஃபுக்கு அதன் குறைதீர்க்கும் இணையதளத்தில் யுஏஎன் எண்ணோடு புகார் போடலாம். ஆளைக் கூப்பிட்டு, பதிவேட்டைக் கேட்டு விசாரிக்க அந்த அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. இஎஸ்ஐக்கு அதன் கோவை அலுவலகம். ஊதியப் பாக்கிக்கு மாவட்டத் தொழிலாளர் துறை. வேலை நேர மீறலுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஊதியக் கோரிக்கைக்கு இப்போது மூன்று ஆண்டு அவகாசம், பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் இடமிருக்கிறது. பத்து மடங்கு என்று படித்துவிட்டுக் கனவு காண வேண்டாம், அது உச்ச வரம்பு மட்டும்தான். பழைய சட்டத்திலிருந்து புதியதற்கு மாறும் காலம் இது, எந்த அதிகாரி எதை விசாரிப்பார் என்பதில் குழப்பம் இருக்கும். மனு எழுதும்போது ஒரு தொழிலாளர் வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ கூட வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை, முதலில் பிஎஃபில் தொடங்குங்கள். அங்கே உங்கள் பழைய உறுப்பினர் பதிவே சாட்சி, சூப்பர்வைசரா இல்லையா என்ற தகராறுக்கே இடமில்லை. நீங்கள் ஊழியர்தான் என்று அங்கே ஒரு முடிவு வந்தால் மற்ற இடங்களில் அதைக் காட்டிப் பேசலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது, போகாது என்று என்னால் சொல்ல முடியாது. உங்களோடு இன்னும் நான்கு பேர் இதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பேரும் சேர்ந்து போவதற்கும் தனியாகப் போவதற்கும் நிறைய வித்தியாசம். நவம்பர் கடைசியில் ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிக்கச் சொல்லி இன்னொரு காகிதம் வரும். அதில் பழைய பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு வரி நுழைந்திருக்கும், இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் அதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உடனே கையெழுத்துப் போட வேண்டாம். "வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வந்து, அந்த வரியை மட்டும் இங்கே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கம்பெனி பெயரைப் போட வேண்டாம்.